அட்டை கடிக்காத கனவு

கனவைப் பற்றி நாம் ஒரு குறும்படம் எடுத்தோம் என்றால் இவ்விதழின் வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நாட்டிலே பேச வேண்டியவை மலைபோற் குவிந்து கிடக்கையிற் கனவுக்கு என்ன அவசரம் என்று கேட்கக்கூடும். எமது பாடசாலையின் ஆசிரியர் அறையில் மூத்த நண்பரொருவர் இதே கேள்வியைச் சற்றுச் சூடாகவே கேட்டார். “கொழுந்து பறிக்கிறவளைப் பற்றிப் படம் எடுங்கள், கனவு காண்கிறவனைப் பற்றி எடுத்து யாருக்கு இலாபம்?” என்றார் அவர். கொழுந்து பறிக்கிறவளும் கனவு காண்கிறாள் என்னும் எளிய விடை அன்று எமது நாவிலும் எழவில்லை. வேறு ஏதேதோ கூறிச் சமாளித்தோம்.

எண்ணத்தை முதலில் விதைத்தவர் வங்கியொன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றும் நண்பர். சனிக்கிழமை மாலைகளிற் கண்டி வாவியைச் சுற்றி நடப்பது எம் நால்வரின் நெடுநாள் வழக்கம். நால்வரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்திற் பயின்றவர்கள். நாமும் இன்னொருவரும் ஆசிரியத் தொழிலுக்கு வந்தோம். ஒருவர் வங்கிக்குப் போனார். ஒருவர் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு மணவீடுகளிற் படம் பிடிக்கத் தொடங்கினார். ஒரு மாலை வங்கி நண்பர் தமக்குச் சிறு பிராயம் முதலே ஏற்படும் அனுபவமொன்றைச் சொன்னார். கனவு கண்டுகொண்டிருக்கும்போதே “இது கனவு” என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். தெரிந்த பின்னும் விழிப்பதில்லை. கனவின் உள்ளேயே நின்று, விரும்பினாற் கதவைத் திறப்பார், விரும்பினாற் பறப்பார். “நீங்கள் ஒருவரும் இப்படிக் காண்பதில்லையா?” என்று வியப்போடு கேட்டார். நாம் கண்டதில்லை.

ஆங்கிலத்தில் இதனை லூசிட் ட்ரீம் என்பர். தமிழிற் பெயர் வைப்பதிலேயே எமக்கு இரண்டு வாரங்கள் கழிந்தன. ‘தெளிகனவு’ என்றார் வங்கி நண்பர். நாம் ‘அறிகனவு’ என்பதைப் பிடித்துக்கொண்டோம். வினைத்தொகையாதலின் அறிந்த கனவு, அறிகின்ற கனவு, அறியும் கனவு என முக்காலமும் அதற்குள் அடங்கும் என்று வகுப்பறைக் குரலில் விளக்கினோம். தமிழாசிரியனோடு நட்புக் கொண்டால் இவ்வாறான துன்பங்களைப் பொறுத்தே ஆகவேண்டும் என்று மற்றவர்கள் விட்டுக்கொடுத்தனர்.

இந்த அனுபவத்தை நூலகத்திலே துருவியபோது எதிர்பாராத ஒருவரைச் சந்தித்தோம். 1913 ஆம் ஆண்டில் இவ்வகைக் கனவைப் பற்றி விரிவான கட்டுரை எழுதி, ஆங்கிலத்தில் இப்பெயரையும் நிலைக்கச் செய்தவர் ஃபிரெடெரிக் வான் ஈடன் என்ற டச்சு நாட்டு மருத்துவர்; எழுத்தாளருமாவார். இதே மனிதர்தாம் 1898 இல் வால்டன் என்னும் கூட்டுறவுக் குடியிருப்பை நிறுவி, நிலத்தையும் உழைப்பையும் பொதுவாக்கிப் பார்த்தவர். அம்முயற்சி பத்து ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. கனவிற் கண்விழித்தவன் பொதுவுடைமைக் குடியிருப்பையும் கட்ட முனைந்தான் என்பதை ஆசிரியர் அறை நண்பரிடம் ஓடிச்சென்று கூறினோம். அவர் அசையவில்லை.

வான் ஈடன் எழுதியது தம் சொந்த அனுபவத்தை. பிறர் அதனை நம்பலாம், நம்பாமலும் விடலாம். விஞ்ஞானம் கைகொடுத்தது பின்னரே. 1953 இற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் இமைகளுக்குள்ளே கண்கள் விரைந்தோடும் கட்டங்கள் உண்டென்றும், பெரும்பாலும் அப்போதே கனவு நிகழ்கின்றது என்றும் வெளியிட்டனர். அக்கட்டத்தில் உடலின் தசைகள் பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும். கண்கள் கட்டுண்பதில்லை. இந்த ஒரு வாசலை 1975 இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்பவர் பயன்படுத்தினார். கனவுக்குள்ளே அறிவு விழித்ததும், முன்னரே பேசிக்கொண்டபடி கண்களை இடம் வலமாக அசைக்க வேண்டும் என்று ஆலன் வேர்ஸ்லி என்பவரிடம் கூறிவைத்தார். கருவியின் தாளில் அந்த அசைவு விழுந்தது. உறங்குகின்ற மனிதன் உறக்கத்தைக் கலைக்காமலே வெளியுலகுக்குச் சைகை காட்டிவிட்டான். சில ஆண்டுகளின் பின் அமெரிக்காவில் ஸ்டீவன் லபேர்ஜ் என்பவரும் இதனைத் தாமாகவே நிறுவினார்.

படமெடுக்கத் துணிந்தோம். கருவி பற்றிய கூச்சம் எமக்கு இருந்தது. மணவீட்டுக் கமரா ஒன்று, கைத்தொலைபேசிகள் இரண்டு, கடன் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, குடைகள் நான்கு: இவையே எமது படப்பிடிப்பு நிலையம். ஒளிப்பட நண்பர்தாம் தைரியமூட்டினார். மாயா டெரன் 1943 இல் தமது வீட்டையே களமாக்கி, கணவரையும் தம்மையுமே நடிகராக்கி, 16 மில்லிமீற்றர்க் கமராவினால் எடுத்த கனவுப் படம் இன்றும் உலகெங்கும் பாடமாகப் பார்க்கப்படுகின்றது என்றார். அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கையின் முதல் தமிழ்ப்படமாகக் கொள்ளப்படும் ‘சமுதாயம்’ 1962 இல் வந்ததும் 16 மில்லிமீற்றர்ச் சுருளிலேதான். மறு ஆண்டு வந்த ‘தோட்டக்காரி’ மலையகத்துக்குத் திரையில் ஓர் இடம் தந்தது. சிறிய கருவி எமது மரபுக்குப் புதிதன்று.

முதற் கதையை எழுதியவர் நாம். இப்போது அதனை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பல்கலைக்கழக மாணவன் ஒருவன் விடுதி அறையில் உறங்குகிறான், கனவிலே தான் கனவு காண்பதை அறிகிறான், அறிந்ததும் அந்தானை மலைக்கு மேலே பறக்கிறான், கீழே தேயிலை பச்சைக் கம்பளமாக விரிகிறது, மகாவலி வெள்ளிக் கோடாக ஓடுகிறது, விடுதலை! வாசித்து முடித்ததும் இருவர் பாராட்டினர். நான்காமவர் வாய்திறக்கவில்லை. அவர் கலஹா வீதியை ஒட்டிய தோட்டமொன்றில், லயத்திற் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாயார் இன்றும் கொழுந்து எடுக்கிறார். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “மேலேயிருந்து பார்த்தால் எல்லாமே கம்பளந்தான்” என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எமக்குச் சுட்டது. எமது பாட்டனாரும் தோட்டத்திற் பெயர்ப் பதிவு பெற்ற தொழிலாளியே. தந்தையார் கண்டி நகரிற் புடைவைக்கடையொன்றிற் கணக்கெழுத வந்தமையால், இரண்டு தலைமுறைக்குள் தேயிலை எமக்குக் கம்பளமாகிவிட்டது.

கதையை மாற்றினோம். மாணவனை நீக்கிக் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியை வைத்தோம். நடிக்க எவரைத் தேடுவது என்ற கேள்விக்கு, “அம்மாவைக் கேட்டுப் பார்க்கிறேன்” என்றார் நண்பர். ஞாயிற்றுக்கிழமை நால்வரும் தோட்டத்துக்குச் சென்றோம். கண்டிச் சீமையிலேதான், லூல்கந்துர என்னும் தோட்டத்தில், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலையை வாணிகப் பயிராக நட்டார். அந்த மலைத்தொடரின் இப்பக்கத்துச் சரிவொன்றில் அமைந்ததே நண்பரின் தோட்டம். லயத்தின் தொங்கல் வீடு அவர்களுடையது. இஸ்தோப்பில் எம்மை அமர்த்திச் சாயத்தண்ணீரும் ரொட்டியும் தந்தார் அம்மா. ஐம்பத்து நான்கு வயது. முப்பத்தைந்து ஆண்டுகள் மலையேறிய கால்கள்.

கதையைச் சொன்னோம். அறிகனவு பழகுவோர், காண்பது கனவா நனவா எனச் சோதிப்பதற்குச் சில வழிகளைக் கையாள்வர். எழுத்தையோ எண்ணையோ ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி மறுமுறை பார்த்தால், கனவிலே அது பெரும்பாலும் மாறியிருக்கும். இதனை நாம் தராசுக் காட்சியாக எழுதியிருந்தோம். பெண் கொழுந்தை நிறுக்கக் கொடுக்கிறாள். முள் இருபதில் நிற்கிறது. மறுபடி பார்க்கிறாள், பதினேழு. உடனே அவளுக்குத் தெரிகிறது, இது கனவு என்று. மிக நுட்பமான காட்சி என்று எமக்குள் ஒரு கர்வம் இருந்தது.

அம்மா கைகொட்டிச் சிரித்துவிட்டார். “இதுல கனவு எங்கங்க மாஸ்டர் இருக்கு? தராசுல இருவது நிக்கும், துண்டுல பதினேழுன்னு விழும். தண்ணிக்குக் கழிச்சோம், சாக்குக்குக் கழிச்சோம்பாங்க. எண்ணு மாறினாக் கனவுன்னா, நான் முப்பத்தஞ்சு வருசமா முழிக்கவே இல்லீங்களே!”

நாம் பேசாதிருந்தோம். இங்கு வாசகர்க்கு ஒன்று விளக்க வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று விதிக்கப்பட்ட அளவு எட்டாவிடின் அந்நாள் முழுப்பெயராக எழுதப்படாது; அரைப்பேர், அதாவது அரைநாட் கூலியே விழும். எனவே கழிக்கப்படும் மூன்று கிலோ வெறும் மூன்று கிலோ அன்று. ஹல் பல்கலைக்கழகத்துக்கும் ஸ்டான்போர்டுக்கும் பொருந்துகின்ற சோதனை எமது தராசடியிற் பொருந்தாது போனமைக்குக் காரணம் விஞ்ஞானத்தின் குறையன்று. நனவிலே எண்கள் நின்ற இடத்தில் நிற்கும் என்ற நம்பிக்கை அச்சோதனைக்கு அடிப்படை. அந்த நம்பிக்கையைத் துண்டெழுதும் பேனை எப்போதோ உடைத்துவிட்டிருந்தது.

“அப்படியானால் எதைப் பார்த்தாற் கனவென்று தெரியும், அம்மா?” என்று கேட்டோம்.

அவர் அதிகம் யோசிக்கவில்லை. “மழைநாள்ல மலையில நின்னுக்கிட்டுக் காலப் பாருங்க. ஒரு அட்டகூட ஏறலையா? அது கனவுதான்.”

இக்காட்சியே படத்தின் உயிரானது. கைவிடப்பட்டுக் காடேறிக் கிடந்த தேயிலைத் துண்டொன்றில் ஐப்பசி மழைக்குள் எடுத்தோம். படங்கைக் கட்டிக் கூடையை நெற்றியில் மாட்டி அம்மா குனிந்து தம் காலைப் பார்க்கிறார். ஈரமில்லை, அட்டையில்லை, வெறுங்கால். மெல்ல நிமிர்கிறார். அவர் முகத்தில் எழுந்த பாவத்தை நாம் எழுதிக்கொடுக்கவில்லை. எமக்கு எழுதவும் தெரியாது. அட்டையில்லாத அந்த ஒரு காட்சியை எடுப்பதற்குள் எம் நால்வரின் கால்களிலும் அட்டைகள் கணக்கின்றிக் கடித்திருந்தன. ஒளிப்பட நண்பர் சவர்க்காரம் தேய்க்க மறந்துவிட்டமையால் அவருக்கே மிகுதியான பங்கு கிடைத்தது.

கனவென்று அறிந்த பெண் அடுத்து என்ன செய்வாள்? எமது ஏட்டில் அவள் பறப்பதாகவே இருந்தது. பறக்கும் ஆசை எம்மை அவ்வளவு இலகுவில் விடவில்லை. அம்மாவைக் கேட்டோம். “பறந்து எங்கங்க போறது? கனவுன்னு தெரிஞ்சாப் போய்ப் படுத்துருவேன்” என்றார். கனவுக்குள்ளே தூங்குவதா என்று வங்கி நண்பர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அன்று இரவு கண்டிக்குத் திரும்பும் பேருந்தில் இதனை எண்ணிக்கொண்டே வந்தோம். உறக்கம் ஏறத்தாழத் தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக நிகழ்கின்றது. முற்சுற்றுகளிற் கனவுக் கட்டம் சில நிமிடங்களே. விடியலை நெருங்க நெருங்க அது நீண்டு அரைமணி நேரத்தையும் தாண்டும. அறிகனவு பெரும்பாலும் வருவது இந்தக் கடைசி நேரத்திலேதான். அதனைப் பழக விரும்புவோர் விடியற்காலையில் விழித்துச் சற்றிருந்து மறுபடி உறங்க வேண்டும் என்று நூல்கள் அறிவுரை கூறுகின்றன. அம்மா எழுவது நான்கு மணிக்கு. அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து, பிரட்டுக்குப் போயாக வேண்டும். மறுபடி உறங்குவது என்பது அந்த வீட்டிற் கேள்விப்படாத சொல். இரவு நீண்டு தருகின்ற கனவுப் பங்கை, அது வந்து சேரும் வேளையிலேயே முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். கூலியைக் கணக்கிடத் தெரிந்த நாம் இதனை ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

எமது பாடநூல்களையும் எண்ணிப் பார்த்தோம். சிலப்பதிகாரத்திலே ‘கனாத்திறம் உரைத்த காதை’ என ஒரு காதையே உண்டு. பெரும்பதியொன்றிற் கணவன்மீது பழி விழுந்ததாகத் தான் கண்ட கனவைக் கண்ணகி தேவந்திக்கு உரைக்கிறாள். திருக்குறளில் ‘கனவுநிலை உரைத்தல்’ ஓர் அதிகாரம். ஆண்டுதோறும் இவற்றை நடத்துகிறோம், மாணவர் ஒப்புவிக்கின்றனர். வணிகர் குலமகளும் காதற்றலைவியும் கண்ட கனவுகள் ஏட்டில் ஏறின. நெல் குற்றியவள் கண்ட கனவு என்னவாயிற்று என்று ஒரு மாணவனும் எம்மைக் கேட்டதில்லை. கேட்கும்படி நாமும் நடத்தியதில்லை.

அடுத்த ஞாயிறு படுக்கைக் காட்சி. காம்பிராவின் சன்னலோரம் பாயை விரித்தோம். கனவுக்குள்ளே அம்மா படுத்துக் கண்ணை மூட வேண்டும், அவ்வளவே. ஒரு நிமிடம் போதும் என்றிருந்தோம். வெளியே மழை. பாயிற் சாய்ந்த அம்மா சற்று நேரத்தில் உண்மையாகவே உறங்கிவிட்டார். ஒளிப்பட நண்பர் சைகையால் எம்மை அடக்கிவிட்டுக் கமராவை ஓடவிட்டார். நான்கு நிமிடங்கள். முகத்தின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. வாய் சிறிது திறந்தது. பின்னர், மார்பின்மேற் கிடந்த வலக்கையின் விரல்கள் இரண்டு மெல்லத் துடித்தன. பெருவிரலும் சுட்டுவிரலும், கொழுந்து கிள்ளும் விரல்கள். அமெரிக்காவில் ரொபர்ட் ஸ்டிக்கோல்ட் என்பவரின் ஆய்வு எமக்கு நினைவுக்கு வந்தது. டெட்ரிஸ் என்னும் விளையாட்டைப் பல மணி நேரம் ஆடியவர்க்கு உறக்கம் கவியும் வேளையில் அக்கட்டைகள் கண்முன் விழுந்தன. ஆடியதையே மறந்துவிட்ட நினைவிழப்பு நோயாளர் சிலருக்கும் விழுந்தன. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு அது. மறந்தவனின் உறக்கத்துக்குள்ளும் பகலின் வேலை நுழைகின்றது.

எமது படத்தின் சிகரம் இதுவே என்பதில் நால்வர்க்கும் ஐயமிருக்கவில்லை. தோட்டத்து நண்பர் மட்டும், “அம்மாவிடம் காட்ட வேண்டும்” என்றார். காட்டினோம். கைத்தொலைபேசியின் சிறு திரையில் அம்மா தம் உறங்கும் முகத்தை முதன்முறையாகப் பார்த்தார்.

“இத எடுத்துருங்க” என்றார்.

நாம் வாதாடினோம். இன்று எழுதக் கூசுகிறது. ஆயினும் மறைப்பது நேர்மையன்று. இப்படத்தைப் பார்ப்போர் உழைப்பின் கொடுமையை உணர்வார்கள் என்றோம். ஆயிரம் பேச்சுகள் செய்யாததை அந்த இரு விரல்கள் செய்யும் என்றோம். இது உங்களைப் போன்ற எல்லா அம்மாக்களுக்காகவும் என்றோம். மேடையில் நின்று பேசுகின்றவனுடைய குரல் எமக்கு எப்படியோ வந்துவிட்டது. அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“பகலெல்லாம் கங்காணி பாக்குறாரு, கணக்கப்பிள்ள பாக்குறாரு, தொரை வந்தா அவரும் பாக்குறாரு. தூங்குறப்பத்தான் மாஸ்டர் ஒருத்தரும் பாக்கிறதில்ல. அதையும் புடிச்சிட்டீங்களே.”

நண்பர் எம்மைப் பார்க்கவில்லை. முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பாடு வீதிக்கு இறங்கி வருகையில் ஒளிப்பட நண்பருக்கும் அவருக்கும் சொல் முற்றியது. “உன் அம்மா என்பதற்காகக் கலையைக் கொல்லுவதா?” என்றார் ஒருவர். “உன் அம்மாவை எடு” என்றார் மற்றவர். நடுவில் நின்ற எமக்கு, இருவரில் யார் சரி என்பது தெரிந்தே இருந்தது; தெரிந்ததைச் சொல்லப் பேராதனைச் சந்திவரை நேரமெடுத்தது. ஒளிப்பட நண்பர் அப்பகுதியை எம் முன்னிலையில் அழித்தார். பிரதி எதுவும் இல்லை. அதன்பின் ஒன்றரை மாதம் அவர் வாவிக்கரைக்கு வரவில்லை. அவர் கோபத்தையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அத்தகைய நான்கு நிமிடங்கள் ஒரு கலைஞனுக்கு வாழ்நாளில் எத்தனை முறை வாய்க்கும்?

வெற்றிடத்தை எதனால் நிரப்புவது என்று வங்கி நண்பரும் நாமும் பல இரவுகள் தலையை உடைத்துக்கொண்டோம். இன்னொருவரைப் படுக்கவைத்து நடிக்கச் செய்தோம், பொய்யாக இருந்தது. ஈற்றில் ஒன்றும் வைக்கவில்லை. அம்மா பாயிற் சாய்கிறார், திரை இருளாகிறது, நான்கு நிமிடமும் இருளே, மழைச்சத்தம் மட்டும். பின்பு கோழி கூவுகிறது. தீக்குச்சி உரசும் ஒலி. அடுப்பு வெளிச்சத்தில் அம்மாவின் கை. அத்தோடு படம் முடிகிறது. நகரத்து நண்பர்களுக்குக் காட்டியபோது, இருள் மிக நீளம் என்றனர். ஆசிரியர் அறை நண்பர் இருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அட்டைக் காட்சியை மறுபடி ஒருமுறை போடச் சொன்னார்.

தோட்டத்திற் காட்டியது ஒரு ஞாயிறு இரவு. மணவீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கும் படவீச்சுக் கருவியுடன் ஒளிப்பட நண்பர் தாமாகவே வந்து சேர்ந்தார். இஸ்தோப்புச் சுவரில் வேட்டியொன்றைக் கட்டினோம். தராசுக் காட்சியில், எண் மாறியதும், எவரும் அதனைக் கனவென்று நினைக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு வசவு எழுந்தது. அட்டைக் காட்சியிற் பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி கேட்கவில்லை. பின்னர் அம்மா பாயிற் சாய்ந்தார். வேட்டி இருண்டது.

“கரண்டு போச்சு! கரண்டு போச்சு!” என்று பிள்ளைகள் கூவினர். யாரோ ஒருவர் கருவியைத் தட்டிப் பார்க்க எழுந்தார்.

இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “கரண்டு போகல. நான் தூங்குறேன்டா. சத்தம் போடாதீங்க.”

பிள்ளைகள் அடங்கினர். நான்கு நிமிடமும் எவரும் பேசவில்லை. படம் முடிந்ததும் பாய்களைச் சுருட்டிக்கொண்டு விரைவிலேயே எல்லோரும் உள்ளே போய்விட்டனர். மறுநாள் திங்கட்கிழமை, பிரட்டு.